கீறலும் கௌரவமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பையனுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. அறைந்தவர் அவனைப் பெற்றவர். பையன் செய்த குற்றம், அவனுடைய சைக்கிளின் ஹாண்டில்பார் என் காரின் பின்கதவை ஒரு சாண் நீளத்துக்கு உரசியதுதான்.

"சார், எவ்வளவு செலவானாலும் நான் கொடுத்துடறேன்" என்றார் தகப்பனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அறை விழுந்துவிட்டது. திறந்திருந்தால் மட்டும் நல்ல வார்த்தை வந்திருக்கும் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. சிவப்புக் கதவில் வெள்ளையாக ஓடிய அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது.

அந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த விரும்புகிறேன்.

காரின் வர்ணம் என்று நாம் சொல்வது என்ன? தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு ஒன்று; அதன்மேல் பிரைமர்; அப்புறம் நிறம்; எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' என்ற நிறமில்லாத, கண்ணாடி போன்ற பூச்சு. எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். 100 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மேலே உள்ள கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். நம் தலைமயிர் பெரும்பாலும் அதைவிடத் தடிமன். மயிரிழைகூட இல்லாத ஓர் ஆழத்துக்காக ஒரு குழந்தையின் கன்னம் சிவந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கதவு முழுக்கப் பெயிண்ட் அடிக்கணும் சார்" என்றார். கீறலை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நிறம் வரை போன கீறலானால், அந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் பழைய வர்ணத்தோடு ஒட்டாமல் திட்டாகத் தெரியும். முழுக் கதவுக்கும் அடிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் கீறல் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? நாடி பிடிக்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற டாக்டரை நாம் ஒப்புக்கொள்வோமா?

"இன்ஷூரன்ஸில் போட்டுவிடுங்களேன்" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நம் நாட்டில் ஒரு வருஷம் நஷ்டஈடு கேட்காதவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரிமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி; தொடர்ந்து ஐந்து வருஷம் கேட்காதவருக்கு 50 சதவீதம். ஒரு சாண் கோட்டுக்காகக் கையை நீட்டினால் அந்தச் சலுகையை இழக்க நேரும். இனாமாகக் கிடைக்கிறது என்று நினைப்பதற்கும் விலை உண்டு.

அந்த வாரக் கடைசியில் பையனைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தான். வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு சூடாறியபின் கதவைச் சோப்பு நீரால் மண் போகக் கழுவினோம். பிறகு கீறலின்மேல் தண்ணீர் தடவினேன். கோடு மறைந்தது. காய்ந்ததும் மறுபடி தெரிந்தது. "நகத்தை வைத்து இழுத்துப் பார்" என்றேன். நகம் எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு சாட்சியும் ஒன்றையே சொல்லின: காயம் கிளியர் கோட்டோடு சரி.

பெயிண்ட் கடையில் வாங்கிய ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தான் பையன். நடுநடுவே நிறுத்தித் துடைத்துப் பார்த்தோம். துணியில் சிவப்பு ஏறவில்லை. ஏறியிருந்தால் நிறத்தையே தேய்க்கிறோம் என்று அர்த்தம், உடனே நிறுத்தவேண்டும். கடைசியில் பாலீஷ். இது கீறலை நிரப்புகிற வித்தை அல்ல. சுற்றியுள்ள பூச்சைத் துளி குறைத்து, வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டிய பள்ளத்தின் விளிம்பை மழுக்குகிற வேலை. ஆகையால் வாராவாரம் செய்யும் விரதமாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது.

"மாமா, போயிடுச்சு!" என்றான் பையன்.

எல்லாக் கீறலும் இப்படிப் போகும் என்று நான் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் மறைவது அடுத்த குளிப்பாட்டல் வரைக்கும்தான். பற்பசை, பலம் குறைந்த பாலீஷ். அதற்கு மேல் அதனிடம் மகிமை எதிர்பார்க்க வேண்டாம். நகம் மாட்டினால் காயம் ஆழம். தகடு தெரிந்தால் தாமதிக்காதீர்கள்; துரு வந்துவிடும். அதையும் வீட்டிலேயே அடைக்கலாம்: துருவை உப்புத்தாளால் நீக்கி, பிரைமர் தொட்டு, கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பொறித்திருக்கும் வர்ண எண்ணைச் சொல்லி வாங்கிய டச்சப் பெயிண்டை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின், தொட்டு வைப்பது. கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும், துரு வராது அல்லவா? நசுங்கல், அகலமான சிராய்ப்பு என்றால் பட்டறைதான். அங்கே கெட்டிப்படுத்தும் மருந்து கலந்து பீச்சுகிற பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்குக் கேடு. அது வீட்டு வேலை அல்ல. பீச்சுகிற தொழிலாளிக்குத் தக்க முகக்கவசம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள்.

நாங்கள் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேல்மாடிக்காரர் ஒருவர் நின்று, "என்ன சார், நீங்க போய் இதெல்லாம்? ஆள் கிடைக்கலையா?" என்று அனுதாபப்பட்டார். அவர் அனுதாபம் எனக்கு வேண்டியதில்லை. கையில் அழுக்குத் துணி இருந்தால் கௌரவம் குறைகிறது. நாலு பேர் பார்க்கப் பிள்ளையை அறைந்தால் குறைவதில்லை! இந்தக் கணக்கை நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? கடன் வாங்கி வண்டி வாங்குகிறோம். மாதத் தவணை கட்டுகிறோம். தவணை முடிவதற்குள் அந்தத் தகடே நம் தோலாகிவிடுகிறது. அதில் கோடு விழுந்தால் நமக்கே காயம் பட்டதாகத் துடிக்கிறோம். பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் தோல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாலை வெயில் சாய்ந்து விழும்போது அந்தக் கதவில் இன்னும் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பையன் என் காரைத் தாண்டும்போது இப்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான். பயத்தினாலா, பாசத்தினாலா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம்தான் என்னை இதை எழுத வைத்தது.

உங்கள் காரிலும் ஒரு நாள் கீறல் விழும். அப்போது கையை ஓங்குவதற்கு முன்னால், தயவுசெய்து நகத்தை வைத்துப் பாருங்கள்.