"இஞ்சினியர் அண்ணை"க்கு எந்தத் தரம்?

கிளிநொச்சியில் என் உறவினர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் "இஞ்சினியர் அண்ணை". தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பை 1995 இடப்பெயர்வோடு பாதியில் விட்டவர். பெற்றோல் கிடைக்காத வன்னியில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர். அண்மையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது, எந்தத் தரத்தில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "என்னட்ட இருக்கிறது இந்தக் கை மட்டும்தான் தம்பி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கேள்வி பிழையானதல்ல. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டம், பொறியியல் சேவையில் ஈடுபடுவோரின் பதிவைச் சட்டக் கடமையாக்கியது. பட்டயப் பொறியியலாளர் முதல் டிப்ளோமாதாரர், தொழில்நுட்பவியலாளர் வரை தரங்கள் வகுக்கப்பட்டன. நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் உடனே பட்டயப் பொறியியலாளர் ஆகிவிட முடியாது. அதற்குப் பயிற்சியும் அனுபவமும் தொழில்சார் மதிப்பீடும் வேண்டும். எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சுகளில் இந்த வித்தியாசங்கள் எடுபடுவதில்லை. அங்கே எல்லோரும் இஞ்சினியர்தான்.

வெளிநாடு செல்ல நினைக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வொஷிங்ரன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆனால் அந்த உடன்படிக்கை கற்கைநெறிகளையே அங்கீகரிக்கிறது. தொழில் செய்யும் உரிமத்தைத் தருவதில்லை. அங்கீகாரமும் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அல்ல, ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனியாகவே கிடைக்கிறது. விண்ணப்பிக்கும் முன் இதை விசாரிப்பது நல்லது.

தரமும் பதிவும் வெறும் கௌரவம் என்று நான் நினைக்கவில்லை. யுத்தத்தின் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரரே மேசன் பிடித்து, மணல் ஏற்றி, கட்டி முடிக்க வேண்டும். அத்திவாரத்தையும் பீமையும் அளவு தெரிந்த ஒருவர் பார்த்தாரா என்பதில்தான் அந்த வீட்டின் ஆயுள் இருக்கிறது. சுவர் வெடித்தால் யாரிடம் போய்க் கேட்பது? பதிவுள்ளவரிடம் கேட்கலாம், பிழை செய்தால் அவரது பதிவுக்கே ஆபத்து. 'பொறுப்புக்கூறல்' என்ற சொல்லை ஜெனீவாவோடு மட்டும் சேர்த்துப் பழகிவிட்டோம். அது ஒரு பீமுக்கும் பொருந்தும்.

ஆனால் பதிவேடு கடதாசியை மட்டும் பார்த்தால், படிப்பை யுத்தம் பறித்துக்கொண்ட ஒரு தலைமுறையே வெளியில் நிற்கும். அவர்கள் பரீட்சையில் தோற்றவர்கள் அல்லர். பரீட்சை எழுதக் கிடைக்காதவர்கள்.

இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையில், வேலையில் கற்ற திறனைச் செய்முறையில் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அந்த வாசலைப் பொறியியல் பதிவின் தொழில்நுட்பத் தரங்களோடு நேரே இணைக்க வேண்டும். மதிப்பீடு தமிழில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடக்க வேண்டும். கொழும்புக்குப் போய்வரும் செலவிலேயே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள்.

தரத்தைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. அண்ணையைச் சோதிக்கட்டும், கடுமையாகவே சோதிக்கட்டும். தேறாவிட்டால் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லட்டும். சோதிக்காமலே திருப்பி அனுப்புவதுதான் அநியாயம்.

போன கிழமை அவரிடம் இந்தச் செய்முறைச் சோதனை பற்றிச் சொன்னேன். "எப்ப வைக்கினம்?" என்று மட்டும் கேட்டார்.