"நன்றி: கூகுள்" என்னும் நன்றிகெட்ட வரி

சில மாதங்களுக்கு முன்னர் புலம்பெயர் நாடொன்றிலிருந்து ஆண்டு மலர் ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது. வழவழப்பான தாள், கனத்த அட்டை, பன்னிரண்டு வாழ்த்துச் செய்திகள். அட்டையை நிறைத்திருந்தது ஒரு மீனவரின் படம். அந்தி வெயில், அசையாத நீர், ஒடுங்கிய தோணி. அதன் கீழே "எங்கள் மட்டக்களப்பு வாவி" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

கல்லடியில் வாவிக்கரையோடு வாழ்ந்துவரும் முதியவர் ஒருவரிடம் அதனைக் காட்டினேன். சிறு வயது முதல் தோணியும் வலையுமாக இருந்தவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்னர் கேட்டார்: "என்ன தம்பி, நம்மட ஆக்கள் எப்ப இருந்து காலால தோணி வலிக்கிறாங்க?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். படத்திலிருந்தவர் ஒற்றைக் காலில் நின்றபடி மற்றைய காலைத் துடுப்பில் சுற்றி வலித்துக்கொண்டிருந்தார். அவர் மியன்மாரின் இன்லே ஏரி மீனவர். உலகெங்கும் படம் விற்கும் தளங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் காட்சி அது. மலரின் உட்பக்கத்தைப் புரட்டினேன். "படங்கள்: நன்றி, கூகுள்" என்றிருந்தது.

அன்புக்குரிய வாசகர்களே, இந்த ஒரு வரியை எதிர்த்தே இன்று எழுதுகிறேன். கூகுள் படம் எடுப்பதில்லை. அது படம் இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டிப் பலகை மட்டுமே. ஒருவருடைய தோட்டத்து மாங்காயைப் பறித்துவிட்டு, தோட்டத்துக்கு வழி காட்டிய பலகைக்கு நன்றி சொல்வதை என்னவென்று அழைப்பது? ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டு.

"எல்லோரும் செய்கிறார்கள்" என்பது முதலாவது சமாதானம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படத்தையும் பாதுகாக்கப்படும் படைப்பாகவே கொள்கிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. முத்திரை குத்த வேண்டியதில்லை. எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எடுத்தவர் வாழும் காலமும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோருவதும் அவருடைய உரிமையே. அன்றைய செய்திக்குப் பதிப்புரிமை இல்லை என்பது உண்மை. ஆனால் செய்தி வேறு, அந்தச் செய்தியைக் காட்டும் படம் வேறு. இந்த வேறுபாடு எமது ஆசிரியபீடங்கள் பலவற்றுக்கு இன்றும் விளங்கவில்லை.

விளங்காததன் விலையை உலகப் பெரும் செய்தி நிறுவனங்களே கொடுத்திருக்கின்றன. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது டானியல் மொறெல் என்ற ஒளிப்படக் கலைஞர் தமது படங்களை டுவிட்டர் வழியே வெளியிட்டார். வேறொருவர் அவற்றைத் தமதென்று மீளப் பதிந்தார். ஏஎஃப்பி நிறுவனம் அவற்றை எடுத்து உலகெங்கும் அனுப்ப, கெட்டி இமேஜஸும் விநியோகித்தது. 2013 நவம்பரில் நியூயோர்க் நீதிமன்ற நடுவர் குழு மொறெலுக்கு 12 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கியது. வலையில் போட்டவுடன் படம் பொதுச் சொத்தாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதனை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தபோது, நகரில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஒருவர் கமராவோடு தெருத் தெருவாக நடந்தார். கூரையிழந்த பாடசாலைகள், வேரோடு சாய்ந்த தென்னந்தோப்புகள். எடுத்தவற்றில் சில பிரதிகளை எம்மிடம் தந்தார். புளொக் செய்து அச்சிட்டோம். பெயர் போடவில்லை. அது வழக்கமில்லை என்று நினைத்தோம். அவர் இன்று இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் படங்கள் முகநூலில் மிதந்து வருகின்றன. யார் யாருடையவோ தளங்களின் பெயர்கள் அவற்றின் குறுக்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய மகன் ஒருநாள் என்னைக் கேட்டார்: "இது எங்கட அப்பா எடுத்த படம் எண்டு நீங்களாவது எழுதித் தரேலுமா ஐயா?" எழுதிக் கொடுத்தேன். நாற்பது ஆண்டுகள் தாமதமாக.

இரண்டாவது சமாதானம், "எம்மிடம் பணமில்லை" என்பது. பணமே தேவையில்லாத வழிகள் இருக்கின்றன. விக்கிமீடியா கொமன்ஸில் உள்ள படங்களை வணிகத் தேவைக்கும் எடுத்தாளலாம். அதற்குப் பெரும்பாலும் கேட்கப்படுவது, எடுத்தவரின் பெயரையும் உரிமத்தின் பெயரையும் எழுத வேண்டும் என்பதே. சில உரிமங்கள், நீங்கள் மாற்றியமைத்த படத்தையும் அதே நிபந்தனையில் பகிரச் சொல்லும். கல்லடிப் பாலமும் ஒல்லாந்தர் கோட்டையும் அங்கே இருக்கின்றன. அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சாபே ஆகியவை பெயரைக்கூடக் கட்டாயமாகக் கேட்பதில்லை; ஆயினும் அப்படத்தை அப்படியே விற்பனைக்கு வைக்க முடியாது. ஃபிளிக்கரில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமமுள்ள படங்களை மட்டும் பிரித்துத் தேடலாம். அவற்றில் "வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற குறிப்பு இருந்தால், விளம்பரம் வாங்கி அச்சிடும் மலருக்கு அதனைத் தொடாதிருப்பதே உத்தமம்.

கட்டணத் தளங்களும் எட்டாக் கனியல்ல. ஷட்டர்ஸ்டொக், அடோபி ஸ்டொக், ஐஸ்டொக் போன்றவற்றில் ஒரு படத்தின் விலை, மேற்படி மலரின் அட்டைக்குப் பூசிய பளபளப்பின் செலவில் ஒரு துளியும் வராது. ஆனால் வாங்குமுன் வாசிக்க வேண்டும். "ரோயல்டி ஃப்ரீ" என்றால் இலவசம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒருமுறை பணம் கட்டினால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் மீண்டும் கட்ட வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். ஷட்டர்ஸ்டொக், அடோபி ஆகியவற்றின் சாதாரண உரிமம் 5 இலட்சம் அச்சுப் பிரதிகள் வரை இடம் தருகிறது. எமது எந்த மலர் அதனைத் தாண்டும்? அதே படத்தைச் சட்டையிலோ நாட்காட்டியிலோ போட்டு விற்பதாயின் விரிவான உரிமம் வேறாக வாங்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றுண்டு. சட்டத்தைக் காட்டிலும் எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. படத்தில் இருப்பவரின் முகம் யாருடையது? 2007இல் வேர்ஜின் மொபைல் நிறுவனம் அவுஸ்திரேலியாவில் ஒரு விளம்பரம் செய்தது. ஃபிளிக்கரில் கிடைத்த அமெரிக்கச் சிறுமி ஒருவரின் படத்தை அதில் கேலி வாசகத்துடன் போட்டது. படமெடுத்தவர் கொடுத்திருந்த உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதித்தது. ஆனால் அந்தச் சிறுமியை எவரும் கேட்கவில்லை. குடும்பம் டெக்சாஸில் வழக்குத் தொடுத்தது. நியாயாதிக்கம் இல்லையென்று அது தள்ளுபடியானது. வழக்குத் தோற்றாலும் பாடம் தோற்கவில்லை. எடுத்தவரின் அனுமதி ஒன்று, எடுக்கப்பட்டவரின் சம்மதம் மற்றொன்று. "எடிட்டோரியல் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற குறிப்புள்ள படங்களைச் செய்தியில் போடலாம். விளம்பரத்தில் போட முடியாது என்பதற்குக் காரணமும் இதுவே.

இதனை மட்டக்களப்பில் இருந்து பாருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் வாரிக்கொண்டு போன பின்னர் எத்தனை கமராக்கள் இக்கரைக்கு வந்தன! தலையிலடித்துக் கதறிய எத்தனை தாய்மாரின் முகங்கள் நிதி சேகரிக்கும் துண்டுப் பிரசுரங்களில் ஏறின! அந்தத் தாய்மாரில் எத்தனை பேரிடம் கேட்டார்கள்? இன்று நாமே அதே முகங்களை எடுத்து, எமது கூட்டங்களின் பதாகைகளில் போட்டு, கீழே "நன்றி: இணையம்" என்கிறோம். வெள்ளைக்காரன் செய்தால் சுரண்டல், நாம் செய்தால் உணர்வு என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

படம் விற்கும் பெருந்தளங்களை நான் புனிதப்படுத்தவில்லை. 2020இல் ஷட்டர்ஸ்டொக் தனது பங்களிப்பாளர்களின் பங்கை மாற்றியமைத்தபோது, ஒரு தரவிறக்கத்துக்கு 10 சதம் டொலர் கைக்கு வந்த கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். இலவசத் தளங்களும் தர்மசத்திரங்களல்ல. பெக்சல்ஸும் பிக்சாபேயும் 2019இல் கன்வாவிடம் சென்றன. அன்ஸ்பிளாஷ் 2021இல் கெட்டியிடம் சென்றது. பிக்சாபே அதே 2019இல் தனது உரிம நிபந்தனைகளையே மாற்றியது. ஆகவே எடுத்த நாளில் உரிமப் பக்கத்தின் பிரதியொன்றைச் சேமித்து வைப்பது புத்தி.

இவையெல்லாவற்றிலும் மலிவான, சிறந்த வழி ஒன்று வாவிக்கரையிலேயே இருக்கிறது. எமது பிரதேசச் செய்தியாளர்களும் இளம் ஒளிப்படக்காரரும் விடிகாலையில் வலை இழுப்பவரை, வடமோடிக் கூத்தரை, பாலத்தின் கீழ் தூண்டிலோடு காத்திருப்பவரைப் படமெடுத்துக் கொண்டேயிருக்கிறார்கள். ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை பிரதிகள், எந்த மொழிப் பதிப்பு, இணையத்திலும் வருமா என்று இரண்டு வரிகளில் எழுதி, உரிய தொகையையும் குறிப்பிட்டுச் சம்மதம் வாங்குங்கள். அந்த இரண்டு வரிகளே உரிமம். படத்தின் அருகில் அவர் பெயரை அச்சிடுங்கள். செலவு, பன்னிரண்டாவது வாழ்த்துச் செய்திக்குப் பிடித்த பக்கத்தின் செலவைவிடக் குறைவு.

அப்படிச் செய்திருந்தால் அந்த மலரின் அட்டையில் இன்லே ஏரியின் மீனவர் காலால் துடுப்பு வலித்திருக்க மாட்டார். கல்லடி முதியவரோ, அவரைப் போன்ற ஒருவரோ, தம்மிடம் கேட்டுப் பெற்ற படத்தில் கம்பீரமாக நின்றிருப்பார். மலரை அவரிடமே விட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது அதன்மேல் மீன் காய்ந்துகொண்டிருந்தது. "தாள் நல்ல தாள் தம்பி, தண்ணி ஊறல்ல" என்றார்.