நெட்டையர் நித்திரை

ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்களுக்கு இவ்வுலகம் ஒரு சாண் குறைத்தே தைக்கப்பட்டிருக்கின்றது. வீட்டு நிலை நெற்றியை இடிக்கும். பேருந்தின் முன்னிருக்கை முழங்காலை இடிக்கும். போர்வையை மார்புவரை இழுத்தாற் பாதம் வெளியே குளிரும். எமது உயரம் 6 அடி 2 அங்குலம். பெருமைக்காக இதனைக் கூறினோமல்லேம். இவ்வாரம் எழுத எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்த அளவு வேண்டியிருக்கின்றது.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர் 12 பேரை அழைத்துக்கொண்டு, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலே இரண்டு இரவு தங்கச் சென்றிருந்தோம். ஈரம் வற்றாத நிலம், அட்டைகளின் இராச்சியம். நிலத்திலே பாய் விரித்துப் படுத்தலென்பது அங்கே இரத்ததானத்துக்கு ஒப்பாகும். ஆகவே மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடும் படுக்கைகளைக் கொண்டு சென்றோம். ஆங்கிலத்திலே ஹமக் எனப்படுவது இது. தூங்குமஞ்சம் என்று நாம் அழைப்போம். தூங்குதல் என்னும் சொல்லுக்குத் தொங்குதல் என்பதே பழம்பொருள்; தூங்கணங்குருவி அதற்குச் சான்று. யாழ்ப்பாணத்தவராகிய நாம் இன்றும் நித்திரை கொள்வோமேயன்றித் தூங்குவதில்லை, தூங்குபவை வௌவால்களே. இம்மஞ்சத்திலோ இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தும் என்று எண்ணியிருந்தோம்.

கனடாவிலிருந்து வந்த பழைய மாணவரொருவர் எமக்கு அன்பளித்த மஞ்சம் 11 அடி நீளம். மாணவருக்கென நாம் மலிவாக வாங்கியவை 9 அடி நீளம். ஒன்பதடித் துணியில் எந்தப் பிள்ளைதான் படுக்க முடியாது என்பது எமது அன்றைய கணக்கு. அத்துணை மஞ்சங்களையும் நாமே முன்னின்று கட்டுவித்தோம். தொய்ந்தால் உடல் வளையும், இறுக்கினால் தட்டையாகும் என்பது எமது துணிபு. இருவர் இருவராகப் பிடித்திழுத்து, வீணை நரம்புபோல விறைக்கும்படி கட்டச் செய்தோம். கணிதம் கற்பித்து ஊதியம் பெறும் ஒருவர் இதனைச் செய்தார் என்பதை வாசகர் குறித்துக்கொள்க.

அன்றிரவு எமக்கு நித்திரையில்லை. விறைத்த துணியின் இரு விளிம்பும் கூம்பித் தோள்களை நெருக்கின. முழங்கால்கள் பின்னோக்கி மடிவனபோல வலித்தன. வயதின் கோளாறு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். இரவு இரண்டு மணியளவில் எழுந்து பார்த்தபோது, அணையுந் தறுவாயிலிருந்த தீயருகே ஒரு மாணவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தான். எம்மிலும் ஓரங்குலம் உயர்ந்தவன். கல்லூரியின் வேகப் பந்துவீச்சாளன். "ஏன் தம்பி, நித்திரை வரவில்லையா?" என்றோம். "குளிர் காய வந்தேன், சேர்" என்றான். அதனை நம்பி எமது மஞ்சத்துக்குத் திரும்பினோம்.

மறுநாட்காலை மலையேறும்போது, செங்குத்தான ஒற்றையடிப் பாதையிலே அவனுடைய கால் தவறியது. பத்தடி சறுக்கிச் சென்று ஒரு செடியைப் பற்றிக்கொண்டான். அச்செடிக்கு அப்பால் பள்ளம். கணுக்கால் சுளுக்கியதோடும் உள்ளங்கை உரிந்ததோடும் போயிற்று. ஓடிச்சென்று தூக்கியபோது, "நடந்துகொண்டே கண்ணயர்ந்துவிட்டேன், சேர்" என்றான். அவனுடைய பெற்றோருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி எதுவாக இருந்திருக்கும் என்று எண்ணியபோது, எமது கால்களும் தள்ளாடின. அனைவரையும் திருப்பி அழைத்துக்கொண்டு பாசறைக்கு மீண்டோம்.

அன்று பகல் முழுவதும் எமக்கு வேறு வேலையிருக்கவில்லை. கயிறுகளையும் துணிகளையும் அவிழ்த்து, செய்த பிழையை முதலிலிருந்து ஆராய்ந்தோம்.

முதற்பிழை இறுக்கம். மஞ்சத்தைத் தாங்கும் கயிறு கிடைநிலையோடு 30 பாகை சாய்ந்திருப்பின், ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் உண்டாகும் இழுவை, படுப்பவரின் நிறைக்குச் சமமாகும். கயிற்றை இறுக்கிச் சாய்வை 10 பாகையாக்கினால் இழுவை ஏறக்குறைய மூன்று மடங்கு. 5 பாகையாயின் ஏறக்குறைய ஆறு மடங்கு. 70 கிலோ நிறையுள்ள ஒருவருக்காக ஒவ்வொரு மரமும் 400 கிலோ இழுவையைத் தாங்க வேண்டிவரும்! அவ்வளவு இழுவையும் துணியின் விளிம்புகளைக் கூம்பச் செய்யுமேயன்றி உடலைத் தட்டையாக வைக்காது. இக்கணக்கை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். படுக்கை கட்டும்போது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே கயிற்றைத் தளர்த்தி 30 பாகையில் கட்டினோம். பாகைமானி வேண்டுவதில்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் துவக்கு வடிவில் விரித்து, சுட்டுவிரலைக் கிடையாகப் பிடித்தால், பெருவிரல் நுனிக்கும் சுட்டுவிரல் நுனிக்கும் இடையே செல்லும் சாய்வு ஏறக்குறைய அதுவே. மரங்களுக்கிடையே 14 அடி இருந்தால், 11 அடி மஞ்சத்தின் வாரை ஏறக்குறைய 6 அடி உயரத்திற் கட்ட நேரும். அமரும்போது துணியின் அடி நிலத்திலிருந்து 18 அங்குலத்தில், கதிரையின் உயரத்தில் இருத்தல் நன்று. அதற்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுவது வீரமாகாது. மரத்தைச் சுற்றுவது மெல்லிய கயிறாக இராமல் அகன்ற வாராக இருக்க வேண்டும்; இல்லையேற் பட்டை அறுபடும்.

தொய்வு வந்துவிட்டது. ஆனால் நீளவாட்டத்திற் படுத்துப் பார்த்தபோது, உடல் வாழைப்பழமாக வளைந்தது. இங்கேதான் வகுப்பிலே மிகக் குள்ளனான மாணவனொருவன் மெல்ல, "சேர், மூலைவிட்டமாகப் படுத்தால் என்ன?" என்று கேட்டான்.

அதுவே இக்கலையின் உயிர்நிலை. இரு தலைப்பும் சுருக்கிக் கட்டப்பட்ட துணியின் நடுக்கோடு ஒரு வாய்க்கால். அதன் வழியே படுத்தவர் அதன் வளைவை ஏற்றேயாக வேண்டும். தலையை ஒரு பக்கமும் கால்களை மறுபக்கமும் விலக்கிக் கோணலாகப் படுத்தாலோ, உடலின் பாரம் துணியை இருபுறமும் தள்ளி விரிக்கின்றது. முதுகின் கீழே ஏறத்தாழத் தட்டையான தளமொன்று உண்டாகின்றது. தளர்த்திக் கட்டிய துணியே இவ்வாறு விரியும். இறுக்கிக் கட்டியது விரியாது. கரீபியன் தீவுகளின் தயினோ மக்கள் இதனை ஹமக்கா என்றனர். ஐரோப்பியர் அச்சொல்லோடு இப்படுக்கையையும் எடுத்துச் சென்றனர். 1492 இல் கொலம்பசு அத்தீவுகளில் இதனைக் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மெக்சிக்கோவின் யூக்கட்டான் பகுதியில் வீட்டுச் சுவர்களிலேயே இதற்கான கொளுக்கிகள் உண்டு. அங்குள்ளோர் அகன்ற நூல்வலையிற் குறுக்காகவே படுப்பர். பிரித்தானியக் கடற்படையோ தன் மாலுமிக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். அங்கே மூலைவிட்டத்துக்கு இடமேது? எம் முதலிரவு மாலுமிகளின் இரவாயிற்று.

நெட்டையருக்கு இதில் மேலுமொரு சிக்கல் உண்டு. கோணலாகப் படுக்கவும் துணியில் நீளம் வேண்டும். ஐந்தரை அடி மாணவருக்கு 9 அடித் துணி ஒருவாறு போதியதாயிற்று. அந்தப் பந்துவீச்சாளன் அதிலே கோணலாகப் படுத்தபோது, குதிகால் விளிம்பைத் தாண்டியது. துணியின் விறைத்த மடிப்பொன்று கெண்டைக்காலை அறுத்தது. ஆறடிக்கு மேற்பட்டோருக்கு 11 அடி நீளமும் 5 அடிக்குக் குறையாத அகலமும் வேண்டும் என்பதை அப்போதே கண்டுகொண்டோம். வாங்கும் அன்பர்கள் எத்தனை கிலோ தாங்கும் என்பதை மட்டும் பார்த்து ஏமாறற்க, நீளத்தைப் பார்க்க.

எமது மஞ்சத்தின் இரு தலைப்புக்குமிடையே மேலே ஒரு மெல்லிய கயிறு ஓடிற்று. உடைமைகளைத் தொங்கவிடுவதற்கென எண்ணியிருந்தோம். மஞ்சத்தின் தொய்வை மாறாது காப்பதே அதன் தொழில். துணியின் நீளத்தில் நூற்றுக்கு 83 பங்கு அதன் அளவு: 11 அடிக்கு 9 அடி 2 அங்குலம். மரங்கள் நெருங்கியிருந்தாலென்ன, விலகியிருந்தாலென்ன, அக்கயிறு விறைக்கும்வரை கட்டினால் தொய்வு ஒரே அளவாக வரும்.

கால்மாட்டைத் தலைமாட்டிலும் ஏறக்குறைய 8 அங்குலம் உயர்த்திக் கட்ட வேண்டும் என்பதையும் அனுபவத்தாற் கற்றோம். இது தலைகீழ் நியாயமாகத் தோன்றும். ஆயின் உடலின் பாரம் இடுப்புக்கு மேலேயே மிகுதி. இரண்டும் சமமாக இருந்தால், விடியுமுன் நெட்டையர் கால்மாட்டை நோக்கி வழுக்கிச் சென்று, முழங்கால் மடங்கிக் கிடப்பார். அதன் பின்னரும் முழங்கால் வலித்தால், சுருட்டிய துவாயொன்றை அதன் கீழே வைத்தாற் போதும். குப்புறப் படுத்தாலன்றி நித்திரை வராதவர்கள் இம்மஞ்சத்தை மறந்துவிடுதல் நன்று.

குளிரைப்பற்றியும் ஒரு சொல். மஞ்சத்திலே குளிர் கீழிருந்தே வரும். முதுகின் கீழ் அமுங்கிய போர்வையிற் காற்றில்லை, காற்றின்றேற் சூடில்லை. தடித்த கம்பளியொன்றை மஞ்சத்தின் வெளிப்புறமாக, அடியிலே தொட்டும் தொடாமலும் தொங்கக் கட்டினோம்.

அன்றிரவு 11 அடி மஞ்சத்தை அவனுக்குக் கொடுத்து, 9 அடியை நாம் ஏற்றோம். அவன் மறுத்தான். ஆசிரியர் என்ற முறையிற் கட்டளையிட நேர்ந்தது. முதலில் நடுவே அமர்ந்து, பின் சாய்ந்து, தலையை இடப்புறமும் கால்களை வலப்புறமும் நகர்த்தினான். சிறிது நேரம் பேச்சில்லை. "சேர், கால் நீட்டப்படுகிறது" என்றான்.

அதன்பின் மெல்ல ஒன்றைச் சொன்னான். விடுதிக் கட்டில் ஆறடி. கால்மாட்டில் இரும்புக் கம்பி. மூன்று ஆண்டுகளாக அக்கம்பிகளுக்கிடையே பாதங்களை நீட்டியோ, முழங்காலை முடக்கியோதான் படுத்துவருகின்றானாம். "ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?" என்றோம். "உயரமாக வளர்ந்தது என் பிழைதானே, சேர்" என்றான். அதே உயரத்தோடு அவ்விடுதியை வாரந்தோறும் மேற்பார்வை செய்துவந்த எமக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

எமது கெண்டைக்கால் இரவு முழுவதும் அறுபட்டது. அவனோ விடிந்து, தேநீர் கொதித்து, மற்றவர்கள் மஞ்சங்களைச் சுருட்டத் தொடங்கிய பின்னரும் எழவில்லை. எட்டு மணிவரை எவரும் எழுப்பலாகாது என்று சொல்லிவிட்டோம்.

இப்போது அந்த 11 அடி மஞ்சம் எம் வீட்டு வளவிலே, மாமரத்துக்கும் வேம்புக்கும் இடையே தொங்குகின்றது. தென்னைகளுக்கிடையே கட்டினால் நிழல் கூடுதல் என்று அயலவர் கூறினர். தேங்காய்க்கு நெட்டையர் குட்டையர் வேறுபாடு தெரியாதாகையால் மறுத்துவிட்டோம். விடுதியிலே அந்தக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பி அறுத்தகற்றப்பட்டது. கட்டிலின் உயரத்துக்கே ஒன்றரையடி அகல வாங்கொன்றைத் தச்சரைக்கொண்டு செய்வித்துப் போட்டிருக்கின்றோம். அடுத்த வருடம் வரவிருக்கும் மாணவரில் எவர் எவ்வளவு உயரமென்று, சேர்க்கைப் படிவத்திலே இப்போது ஒரு வரி சேர்த்துள்ளோம்.