தொடர்கதைக்கு யார் முற்றும் போடுவது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், "மெக்கானிக்கல்காரன்தானே, லேத் மிஷினைப் பத்தி எழுதுடா" என்றான் பக்கத்து பெஞ்சு நண்பன். நான் எழுத வந்ததோ ஒரு சினிமாக்காரரைப் பற்றி. இதற்கும் நம் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று உடனே கேட்டுவிடாதீர்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

நாடகம், சினிமா, தொலைக்காட்சி என்று மூன்றிலும் கதை எழுதி இயக்கி, மூன்றிலும் பேர் வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் சிலரே. அவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் கே. பாலசந்தர். 1930-ல் நன்னிலம் பக்கம் நல்லமாங்குடியில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் வாத்தியார் வேலை பார்த்தார். 1950-ல் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பகலெல்லாம் ஃபைல், சாயங்காலம் ஆனால் நாடகம். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' எல்லாம் முதலில் மேடையில் நடந்தவைதான்.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. 1964-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதும்போதும் அவர் ஆபீஸ் வேலையை விடவில்லை. கலைக்காக வேலையைத் தூக்கி எறிந்தவன்தான் கலைஞன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கூத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பகலில் ஏர் பிடித்த கைதான் ராத்திரியில் துரியோதனனாகக் கதை பிடிக்கும். விடிய விடிய ஆடிவிட்டு, விடிந்தால் நிலத்துக்குப் போவார்கள். சோற்றுக்கு ஒரு தொழில், மனசுக்கு ஒரு தொழில் என்பது நம் மண்ணுக்குப் புதுசு இல்லை.

1965-ல் 'நீர்க்குமிழி' மூலம் டைரக்டர் ஆனார். மேடையில் பழகிய ஆஸ்பத்திரிக் கதைதான். அங்கிருந்து வரிசையாகப் படங்கள். 'எதிர்நீச்சல்' (1968) பார்த்திருக்கிறீர்களா? ஒண்டுக்குடித்தன வீட்டில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, எல்லார் வீட்டு எடுபிடி வேலையும் செய்துகொண்டு படிக்கிற மாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில் விற்றுவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு முதல் பீரியடுக்கு வருகிற நம் மாணவர்கள் எல்லாருமே மாதுக்கள்தான்! கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைப் படமாக்கிய 'தண்ணீர் தண்ணீர்' (1981) அவருக்குத் திரைக்கதைக்கான தேசிய விருது வாங்கித் தந்தது. குடத்தோடு வரிசையில் நிற்கிற அம்மா உள்ள எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் படத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சினிமாவில் உச்சத்துக்குப் போனவர் அதோடு நிற்கவில்லை. தூர்தர்ஷனில் 'ரயில் சிநேகம்', பிறகு 'கையளவு மனசு' என்று தொலைக்காட்சிக்கும் வந்தார். 1985-ல் வந்த 'சிந்து பைரவி' கதையைப் பல வருஷம் கழித்து 'சஹானா' என்ற தொடராகத் தொடர்ந்தார். "பெரிய திரையில் இருந்தவர் சின்னத் திரைக்கு இறங்கிவிட்டாரே" என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. எங்கள் அம்மா தியேட்டருக்குப் போனது கைவிரல் எண்ணிக்கைதான். தியேட்டருக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே கதையைக் கொண்டு போனது எப்படி இறக்கமாகும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் மிதித்திருக்க வேண்டியவள் என் அக்கா. என்னைவிட நன்றாகப் படிப்பாள். பன்னிரண்டாவது முடித்ததும், "தம்பி படிக்கட்டும்" என்று ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாலு வருஷம் ஆகிறது. என் டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் அவள் கால் கடுக்க நின்று சம்பாதித்தது.

போன வருஷம் ஒரு ராத்திரி என் செல்போனில் இருவரும் 'அவள் ஒரு தொடர்கதை' பார்த்தோம். பாலசந்தர் 1974-ல் எடுத்த படம். குடும்பத்தை விட்டுச் சாமியாராகப் போன அப்பா, பொறுப்பில்லாத அண்ணன், விதவைத் தங்கை. இத்தனை பேரையும் ஒற்றைச் சம்பளத்தில் தாங்குகிற கவிதாவாக சுஜாதா. கடைசியில் தன் கல்யாணத்தையும் தங்கைக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வேலைக்கே போகிறாள். படம் முடிந்தது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இன்னாக்கா, புடிக்கலியா?"

"புடிக்காம இன்னா? அவ கதைய எடுத்தவரு நல்லாத்தான் எடுத்துக்கிறாரு. அவகூட ஊட்ல இருந்தவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல. வெளக்க அணைடா, காலைல கடைக்கிப் போவணும்."

எனக்குத் தூக்கம் வரவில்லை.

புரட்சிப் பெண்களைப் படைத்துவிட்டு முடிவில் அவர்களைத் தோற்கடித்துவிடுகிறார் என்று பாலசந்தர் மீது ஒரு விமர்சனம் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். கவிதாவுக்கு மாலை போட்டு, மங்களம் பாடிப் படத்தை முடித்திருந்தால் நாமும் நிம்மதியாக எழுந்து போயிருப்போம். அவர் நம்மை நிம்மதியாகப் போக விடவில்லை. தியேட்டரில் 'தியாகம்' என்று கை தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து "அக்கா, சோறு போடு" என்று தட்டை நீட்டுகிறவர்கள் நாம்தானே? தியாகி என்று பட்டம் கொடுத்துவிட்டால், அந்தத் தியாகத்தை நிறுத்துகிற பொறுப்பு நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. தோற்கடித்தது டைரக்டர் இல்லை, கூட இருந்த குடும்பம். கவிதாவின் கதைக்கு அவர் முற்றும் போடாமல் விட்டது, அதைப் போட வேண்டியவர்கள் நாம் என்பதால்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாலசந்தர் 2014 டிசம்பர் 23-ல் மறைந்தார். பத்மஸ்ரீ (1987), 2010-ம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது எல்லாம் பெற்றவர். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' மூலம் ரஜினிகாந்தை அறிமுகப்படுத்தியவர் என்றுதான் நம் வயதுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர், என் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருத்தியைப் பார்க்க வைத்தவர்.

தோழர்களே! கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிறது. வேலை கிடைத்ததும் பைக், புது செல்போன் என்று நம் எல்லாருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். என்னிடமும் இருந்தது. இப்போது அதில் முதல் வரியை மாற்றி எழுதியிருக்கிறேன்: அக்காவுக்குத் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. தமிழ், முதல் வருஷ ஃபீஸ். அவளிடம் சொன்னேன். "மொதல்ல நீ அரியர் இல்லாம பாஸ் பண்ணு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மறுநாள் அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கவிதா இருக்கலாம். அக்காவாக, தங்கையாக, அம்மாவாக. அவள் தொடர்கதைக்கு நீங்கள் எப்போது முற்றும் போடப் போகிறீர்கள்?

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை