ஓரம் இல்லாத வேதாகமம்

கடந்த மூன்று கிழமைகளாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். தேடியது ஒரேயொரு பொருள். பக்கத்தின் ஓரத்தில் எழுதுவதற்கு இடம் விட்டு அச்சிட்ட தமிழ் வேதாகமம். விற்பனையாளர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். சிப் வைத்த உறை உண்டு என்றார்கள். பொன் விளிம்பு உண்டு, இயேசுவின் வார்த்தைகள் மட்டும் சிவப்பில் உண்டு, பெருவிரல் வைக்க வெட்டிய சுட்டி உண்டு, மணமக்களுக்குப் பரிசளிக்க வெள்ளை உறையும் உண்டு. ஓரத்தில் இடம் மட்டும் இல்லை.

"ஓரத்திலே இடம் எதற்கு ஐயா?" என்று ஒரு கடையில் கேட்டார்கள்.

"எழுதுவதற்கு" என்றேன்.

"வேதப் புத்தகத்திலே எழுதலாமா?"

அந்த இளைஞரின் முகத்தில் தெரிந்தது பாசாங்கு அல்ல, உண்மையான அதிர்ச்சி. அன்றைக்கே இதை எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

நான் கிறிஸ்தவன் அல்லன். சைவக் குடும்பத்தில் பிறந்து, பத்திரிகைத் தொழிலில் மூத்து நரைத்தவன். எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் தொழில் கற்ற நாளிதழில் அவர் மெய்ப்புத் திருத்துநர். கத்தோலிக்கர். ஆனால் புரட்டஸ்தாந்தரின் பழைய ஐக்கிய மொழிபெயர்ப்புத் தமிழில் தீராத மோகம் கொண்டவர். ஈய எழுத்துக் காலம் அது. மெய்ப்புத் தாள் என்றால் அச்சுப் பத்திக்கு இருபுறமும் வெள்ளை வெளி தாராளமாகக் கிடக்கும். பிழைகளைக் குறிப்பது அங்கேதான். அந்தப் பழக்கத்தில் ஊறிய மனிதருக்கு ஓரம் இல்லாத பக்கம் மூச்சு முட்டியது. எங்கள் அச்சகத்துக் கட்டுநரைப் பிடித்து, ஒரு வேதாகமத்தைப் பிரித்து, இரண்டு ஒற்றைகளுக்கு இடையே ஒரு வெள்ளைத் தாள் வைத்து மீண்டும் தைப்பித்துக்கொண்டார். புத்தகம் செங்கல் மாதிரி ஆயிற்று. பல ஆண்டுகள் அதில் பென்சிலால் எழுதினார்.

1983 யூலையில் அவர் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை வீடு எரிந்தது. குடும்பம் உயிர் தப்பியது. புத்தகம் தப்பவில்லை.

பிறகு அவர் கொட்டாஞ்சேனைக்குக் குடிபெயர்ந்தார். வெளிநாடு சென்று திரும்பிய குருவானவர் ஒருவர் அகன்ற ஓரம் விட்ட ஆங்கில வேதாகமம் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்த ஆங்கிலப் புத்தகத்தின் ஓரத்தில் தமிழில் எழுதினார். தமிழ் வசனங்களை மனப்பாடமாகவே வைத்திருந்த மனிதர் அவர். தமிழ் வசனத்துக்குப் பக்கத்தில் தமிழில் எழுத இடம் இல்லாத காரணத்தால், ஆங்கில வசனத்துக்குப் பக்கத்தில் எழுதினார். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கனடாவில் இருக்கும் மகள் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, அப்பாவின்ரை புத்தகம் தைப்பு விட்டுப்போச்சு. அந்தக் குறிப்புகளை ஒரு தமிழ் பைபிளிலை பெயர்த்து எழுதித் தருவீங்களோ?" என்று கேட்டார். தருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கடை ஏறத் தொடங்கினேன்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன்.

வேதப் புத்தகத்தில் எழுதுவது அவமதிப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கிறிஸ்தவ மரபிலிருந்தும் யூத மரபிலிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை. 1520களில் வெனிஸ் நகரில் டானியல் பொம்பெர்க் அச்சிட்ட தல்மூதைப் பாருங்கள். மூலம் நடுவில் ஒரு சிறு பத்தியாக நிற்கிறது. சுற்றிலும் ராஷி முதலானோரின் உரைகள். இன்று வரைக்கும் தல்மூத்தின் பக்க அமைப்பு அதுதான். 1560இன் ஜெனீவா வேதாகமத்தின் ஓரங்களில் குறிப்புகள் நிறைந்திருந்தன. அரசனுக்குக் கீழ்ப்படியாமையையும் அவற்றில் சில நியாயப்படுத்தின என்பதால் முதலாம் யேம்ஸ் மன்னன் 1604இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் சீறினான். தன் ஆதரவில் வரும் புதிய மொழிபெயர்ப்பில் சொல் விளக்கம் தவிர வேறு ஓரக்குறிப்பு கூடாது என்று விதித்தான். 1611இன் ஆங்கில வேதாகமம் அப்படித்தான் வந்தது. ஓரத்தில் எழுதப்படுவதைக் கண்டு அஞ்சியவர் அரசர்.

அமெரிக்காவில் ஜொனதன் எட்வர்ட்ஸ் என்ற போதகர் 1730 முதல் வெள்ளைத் தாள் இடையிட்டுக் கட்டிய வேதாகமம் ஒன்றில் ஆயிரக்கணக்கான குறிப்புகளை எழுதினார். அது இன்று யேல் பல்கலைக்கழகத்தில் பேணப்படுகிறது. என் நண்பரும் எங்கள் அச்சகக் கட்டுநரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தேவை இருவருக்கும் ஒன்றாக இருந்தது, செய்த காரியமும் ஒன்றாகவே அமைந்தது.

நம்மவர் கதைக்கு வருவோம். சீகன்பால்கு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் அளவில் பெரிதாக இருந்தன, தாளோ போதவில்லை. அங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். பொறையாற்றில் தாள் ஆலையும் தொடங்கினார்கள். தாள் பஞ்சம் தமிழ் வேதாகமத்தோடு கூடப் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொழும்பிலும் ஒல்லாந்தர் தம் அச்சகத்தில் 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார்கள். 1804இல் இலண்டனில் பிறந்த வேதாகமச் சங்கம், குறிப்போ உரையோ சேர்க்காத வேதாகமத்தை மலிவாகப் பரப்புவது என்ற விதியோடு தொடங்கியது. கொழும்பில் அதன் துணைச் சங்கம் 1812இல் அமைந்தது. பல சபையினர் ஒன்றுகூடி நடத்தும் சங்கத்துக்கு அந்த விதி நியாயமானதே. ஒருவர் குறிப்பு மற்றவருக்குப் பகையாகிவிடும். ஆனால் அச்சிடுபவர் குறிப்புச் சேர்க்கக்கூடாது என்பது ஒன்று, வாசிப்பவர் குறிப்பெழுத இடமே இருக்கக்கூடாது என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதை விதித்தவர்கள் இரண்டாவதைக் கேட்கவில்லை. மலிவும் பழக்கமும் சேர்ந்து அதைக் கொண்டுவந்து விட்டன.

ஆறுமுக நாவலரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் சைவரான நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. பின்னர் 1854இல் அவர் எழுதிய சைவதூஷணபரிகாரம், வேதாகமத்தின் வழிபாட்டு விதிகளையே எடுத்துக்காட்டி மிஷனரிகளுக்கு மறுமொழி சொன்ன நூல். வசனம் வசனமாகக் கையில் பேனை பிடித்து வாசிக்காத ஒருவரால் அதை எழுதியிருக்க முடியுமா? யாழ்ப்பாணத்துத் தமிழ் உரைநடை வளர்ந்தது, ஒருவர் புத்தகத்தை மற்றவர் எழுதி எழுதி வாசித்ததில்தான். அந்தப் பரம்பரையில் வந்த நமக்கு இன்று கடைக்காரர் சிப் காட்டுகிறார்.

சந்தையில் வேறொரு வகை உண்டே என்பீர்கள். அமெரிக்கப் போதகர்களின் விளக்கங்களை மொழிபெயர்த்து, பக்கத்தின் அடிப்பாகம் முழுவதும் அடைத்து வரும் ஆய்வு வேதாகமங்கள். விலை கூட என்றாலும் நன்றாக விற்கின்றன. அவற்றில் பயனுள்ள செய்திகள் இல்லாமல் இல்லை. எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்துக்காக. வேறொரு நாட்டார் யோசித்ததை அச்சிடத் தாள் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் ஆசிரியை யோசிப்பதை எழுதத் தாள் இல்லை. பிரசங்க மேடையிலிருந்து "வேதத்தை ஆராய்ந்து பாருங்கள்" என்று முழங்குகிற போதகர்களில் எத்தனை பேர், ஆராய்கிறவருக்கு எழுத இடம் வேண்டுமே என்று ஒரு பதிப்பாளரிடம் கேட்டிருக்கிறார்கள்?

தமிழ் வாசகருக்கு இந்த இடம் ஆங்கில வாசகரைவிடக் கூடுதலாகத் தேவை என்பேன். புரட்டஸ்தாந்தர் கையில் இருப்பது பெரும்பாலும் 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த பாடம். கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். ஒன்றில் ஆதியாகமம், மற்றதில் தொடக்க நூல். ஒன்றில் சங்கீதம், மற்றதில் திருப்பாடல்கள். ஒன்றில் பிரசங்கி, மற்றதில் சபை உரையாளர். விசுவாசம் அங்கே நம்பிக்கையாகிறது, சுவிசேஷம் நற்செய்தியாகிறது. கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்துக்குப் போகும் மாமியும் வெள்ளவத்தையில் மெதடிஸ்த சபைக்குப் போகும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்து ஒரே பகுதியை வாசித்தால், இரண்டு தமிழ் கேட்கும். ஒன்றின் ஓரத்தில் மற்றதன் சொல்லை எழுதிவைப்பது எவ்வளவு சுவையான படிப்பு! என் நண்பரின் குறிப்புகளில் பாதி அப்படிப்பட்டவைதான். ஒரு சொல்லை ஏன் மாற்றினார்கள், மாற்றியதில் எது போயிற்று, எது வந்தது என்று தனக்குத்தானே வாதாடியிருக்கிறார். ஓரிடத்தில் தன்னையே "மடையா" என்று திட்டி, முந்திய குறிப்பை அடித்திருக்கிறார்.

கைப்பேசிச் செயலியில் குறிப்பு எழுதலாமே என்று இளையவர்கள் சொல்லக்கூடும். எழுதலாம், தேடவும் வசதி. ஆனால் அந்தக் குறிப்பு ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. தகப்பன் இறந்த பிறகு மகள் அலுமாரியைத் திறந்து அதை எடுக்க முடியாது. தனியாகக் கொப்பியில் எழுதலாமே என்பது இன்னொரு யோசனை. நானும் முயன்றேன். இரண்டு வருடத்தில் கொப்பி ஓர் இடத்தில், புத்தகம் ஓர் இடத்தில்.

தாள் விலை ஏறிவிட்டது என்ற வாதத்தை மட்டும் மரியாதையோடு கேட்பேன். 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும், கொழும்பு நாளிதழ்கள் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தியதையும் மறந்தவனல்லன். ஆனாலும் கணக்குப் பாருங்கள். 14 சென்ரிமீற்றர் அகலமான பக்கத்துக்கு வெளியோரத்தில் 2.5 சென்ரிமீற்றர் கூட்டினால், கூடுதலாகும் தாள் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். சிப்பையும் பொன் விளிம்பையும் செயற்கைத் தோலையும் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடட்டும், பிறகு பேசுவோம்.

தேடப் புறப்படும் அன்பர்களுக்குச் சில வார்த்தை. உறையைப் பார்க்க வேண்டாம். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். கை எடுத்ததும் மூடிக்கொண்டால் அது பசையால் ஒட்டியது, எழுத உதவாது. நூலால் தைத்தது விரிந்து கிடக்கும். தாளின் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வேதாகமத் தாள் மெல்லியது, ஜெல் பேனை மறுபக்கம் ஊறிவிடும். பென்சில் போதும். பேனைதான் வேண்டும் என்றால் நிறமி மை நிரப்பிய நுண்முனைப் பேனை ஓரளவு தாங்கும். ஓரம் தைப்புப் பக்கம் இருந்து பயனில்லை, வெளிப்பக்கம் இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்களின் நீளத்தையும் நினையுங்கள். "நீதிமானாக்கப்படுதல்" என்று எழுதிப் பாருங்கள், ஆங்கிலப் பதிப்பாளர் விடும் ஓரம் அதற்கே முடிந்துபோகும். கடற்கரையோரம் வெள்ளவத்தையில் வசிப்பவர்கள் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம். ஈரமும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்து வேலையை முடித்துவிடும்.

நான் இப்போது நண்பர் அன்று செய்ததையே செய்திருக்கிறேன். தைத்த கட்டுள்ள ஒரு வேதாகமத்தை வாங்கி, கொட்டாஞ்சேனையில் ஒரு முதிய கட்டுநரிடம் கொடுத்து, வெள்ளைத் தாள் இடையிடச் சொல்லியிருக்கிறேன். கூலி, புத்தகத்தின் விலையைவிட அதிகம். இரண்டு பாகமாகத்தான் வரும் என்கிறார். வரட்டும். ஆனால் ஒவ்வொரு வாசகரும் கட்டுநரைத் தேடி அலைய முடியுமா?

கொழும்பில் அச்சகம் நடத்தும் தமிழர்களுக்கும், கனடாவிலும் இலண்டனிலும் தமிழ் நூல் பதிப்பிக்கும் அன்பர்களுக்கும் ஒரு செய்தி. 1871இன் மூலப் பாடத்துக்குப் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டுமாவது முதலில் வரட்டும். முந்நூறு பிரதி போதும். பத்துப் பிரதிக்கு நான் இன்றே முன்பணம் கட்டுகிறேன். படம் வேண்டாம், வரைபடம் வேண்டாம், எவருடைய முன்னுரையும் வேண்டாம். நூல் தைப்பு, பின்பக்கம் தெரியாத தாள், வெளியோரத்தில் 25 மில்லிமீற்றர். முப்பது என்றால் இன்னும் நல்லது.