காமிக்ஸ் வேணாம் சார், புத்தகம் சொல்லுங்க

2024 டிசம்பரில் ஒரு வார இதழிலிருந்து போன் வந்தது. பல வருஷமாக அவர்களுடைய கதைகளுக்குப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பேசியது எனக்குப் பழக்கமான உதவி ஆசிரியர் தம்பி. "சார், இந்த வருஷம் உங்களுக்குப் பிடிச்ச புத்தகம், படம் எல்லாம் எழுதிக் குடுங்க. ஒரு ஓவியரோட ரசனைன்னு தனிப் பக்கம் வைக்கிறோம். நாளைக்கு மதியத்துக்குள்ள அனுப்பிடுங்க."

மனசு நிறைந்துவிட்டது. காமிக்ஸ் வரைகிறவனிடம் படம் கேட்பார்கள், ராத்திரிக்குள் வேண்டும் என்று கேட்பார்கள், பின்னணியில் கோயில் கோபுரம் இன்னும் கொஞ்சம் உயரமாக வேண்டும் என்று கேட்பார்கள். என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அன்று கையிலிருந்த பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதினேன். காலையில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"சார், நல்லா இருக்கு. ஆனா மொதல் மூணும் காமிக்ஸா இருக்கே. காமிக்ஸ் வேணாம் சார், புத்தகம் சொல்லுங்க."

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. மேலிடத்தில் சொன்னதை என்னிடம் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியம் இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. காமிக்ஸ் வேறு, புத்தகம் வேறு. அரிசி கேட்டவனுக்குத் தவிடு கொடுத்தது மாதிரி ஒரு தொனி.

கடைசியில் அச்சில் வந்தவை இரண்டு. ஒன்று, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. அந்த டிசம்பரில்தான் அதற்கு சாகித்திய அகாதெமி விருது அறிவித்திருந்தார்கள். இன்னொன்று மாரி செல்வராஜின் 'வாழை' படம். இரண்டுமே நான் மனசாரச் சொன்னவைதான். 1908 மார்ச்சில் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்த மறுநாள் ஊர் எப்படிக் கொந்தளித்தது என்பதைப் படித்துக்கொண்டே போகும்போது, பக்க ஓரத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டே போனேன். எரியும் நகராட்சி அலுவலகத்துக்கு முழுப் பக்கம், கூட்டம் திரும்பும் இடத்துக்கு மூன்று ஒடுக்கமான கட்டங்கள். அந்த வரலாற்றை ஒரு நாள் வரைய வேண்டும் என்று எனக்கு ஆசை. அதையும் எழுதியிருந்தேன். அந்த வரியும் அச்சில் வரவில்லை.

வெட்டப்பட்டவற்றைப் பற்றி இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

முதலில் எமில் ஃபெரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' இரண்டாம் பாகம். முதல் பாகம் 2017இல் வந்தது. இரண்டாவதற்கு ஏழு வருஷம் காத்திருந்தோம். 1960களின் சிகாகோவில், தன்னை ஓநாய் மனுஷியாகவே நினைத்துக்கொள்ளும் பத்து வயதுச் சிறுமி, கோடு போட்ட நோட்டில் எழுதி வரைந்து வைத்த டைரி மாதிரி அமைந்த கதை. பெரும்பாலும் பால்பாயிண்ட் பேனா. பள்ளிக்கூடப் பையன்கள் வைத்திருக்கும் அதே பேனாதான். அதை வைத்துக்கொண்டு நிழலுக்கு மேல் நிழலாகக் கோடிழுத்துத் தோலின் சுருக்கத்தையும் கண்ணின் ஈரத்தையும் கொண்டுவந்திருக்கிறார். பேனா மையில் ஒரு கோடு தப்பினால் அழிக்க முடியாது. அந்தப் பக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், என் கை நடுங்கியது.

ஃபெரிஸுடைய கையின் கதையையும் சொல்ல வேண்டும். நாற்பது வயதில் ஒரு கொசுக்கடி. வெஸ்ட் நைல் வைரஸ். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது, வரையும் வலக்கையும் போனது. பேனாவைக் கையோடு டேப் சுற்றிக் கட்டிக்கொண்டு, குழந்தை அரிச்சுவடி பழகுவதுபோல் மறுபடி வரையப் பழகியிருக்கிறார். அப்படி மீண்ட கை வரைந்த நூற்றுக்கணக்கான பக்கங்களைத்தான் 'புத்தகம் சொல்லுங்க' என்று ஒதுக்கினார்கள்.

அடுத்து, டெஸ்ஸா ஹல்ஸ் எழுதி வரைந்த 'ஃபீடிங் கோஸ்ட்ஸ்'. பாட்டி ஷாங்காயில் பத்திரிகையாளர். சீனாவிலிருந்து தப்பி ஹாங்காங் போய், தன் கதையை எழுதிப் பெயர் வாங்கி, பிறகு மனம் சிதைந்து போனவர். அவருடைய மகள், மகளின் மகள் என்று மூன்று தலைமுறையின் காயம் அது. கறுப்பு மை ஆறாகப் பாய்ந்து மனிதர்களை விழுங்கும் பக்கங்கள் அதில் உண்டு. ஒரு மூளைக்குள் நினைவு எப்படிப் பெருகி மூச்சடைக்கும் என்பதை எழுத்தால் நாலு பக்கம் சொல்லலாம். இங்கே ஒரே பார்வையில் நம் மேல் கவிழ்ந்துவிடுகிறது. இந்த ஒரு புத்தகத்துக்காக ஹல்ஸ் கிட்டத்தட்டப் பத்து வருஷம் உழைத்திருக்கிறார்.

2025 மே மாதம் இந்தப் புத்தகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதுவும் தன்வரலாற்றுப் பிரிவில், எழுத்தாளர்களோடு எழுத்தாளராக. காமிக்ஸ் புத்தகம் ஒன்று புலிட்சர் வாங்குவது, 1992இல் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' சிறப்புப் பரிசு பெற்ற பிறகு இதுதான் என்று செய்திகளில் வந்தது. அன்று சாயங்காலமே அதே இதழிலிருந்து போன். "சார், நீங்க அன்னைக்கு ஏதோ சொன்னீங்களே, அந்தச் சீனப் பாட்டி கதை, அதைப் பத்தி முந்நூறு வார்த்தை தர முடியுமா?" எழுதிக் கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, துக்கமாக இருந்தது. டிசம்பரில் இருந்த அதே புத்தகம்தான் மே மாதத்திலும் இருந்தது. ஒரு பக்கம் கூடவில்லை, ஒரு கோடு மாறவில்லை. அமெரிக்காவில் யாரோ முத்திரை குத்திய பிறகுதான் நம் கண்ணுக்கு அது புத்தகமாகத் தெரிய வேண்டுமா?

மூன்றாவது, நம் சிவகாசி. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ். 2024 லயனுக்கு நாற்பதாவது ஆண்டு. நாற்பது வருஷம் ஒரு தமிழ்க் காமிக்ஸ் இதழ் தாக்குப்பிடித்திருக்கிறது. இடையில் நின்று, தடுமாறி, மறுபடி எழுந்து, இன்றைக்கும் சந்தா கட்டியவர்களுக்குக் கூரியரில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வருஷத் தமிழ்ப் பதிப்புலக நிகழ்வுகள் என்று ஒரு பட்டியல் போட்டால் இது அதில் வர வேண்டுமா வேண்டாமா? நான் பார்த்த ஒரு பட்டியலிலும் இல்லை.

லயனில் வரும் டெக்ஸ் வில்லர் காமிக்ஸைத் தமிழில் படிப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பலூனுக்குள் தமிழை நுழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. இத்தாலிய மொழிக்காக வரைந்த பலூன் அது. ஆங்கிலத்தில் 'ரன்' என்று மூன்றெழுத்தில் முடிவது நம்மிடம் 'ஓடிப் போயிடுங்க' என்று நீளும். போதாததற்கு நம் எழுத்துக்கு மேலே வளைவு, கீழே சுழி. இரண்டு வரியை நெருக்கினால் மேல்வரியின் உகரம் கீழ்வரியின் இகரத்தில் இடிக்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் வயதான வாசகருக்குத் தெரியாது, பலூனைப் பெரிதாக்கினால் ஓவியரின் முகத்தைத் தின்றுவிடும். அதனால் வசனத்தையே இழைத்து இழைத்துச் சுருக்க வேண்டும், அர்த்தமும் பேச்சும் கெடாமல். நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள் போயிருக்கிறது. இதைப் பற்றி எந்த மொழிபெயர்ப்புக் கருத்தரங்கிலாவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இரும்புக்கை மாயாவி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வரையும் ஆசை வந்ததே அந்தக் கையால்தான். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எட்டு வயதில் அந்தக் கையை நூறு தடவை பார்த்து வரைந்திருப்பேன். அதை வரைந்தவர் யார் என்பது முப்பது வயது தாண்டித்தான் எனக்குத் தெரிந்தது. பார்சிலோனாக்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் அந்தத் தொடர் வந்தபோது அங்கேயே ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. அந்த நாட்டு வார இதழ்களில் வரைந்தவர், எழுதியவர், எழுத்து வடித்தவர் பெயர்களை '2000 ஏ.டி.' இதழில் 1977இல்தான் வழக்கமாக்கினார்கள். அதைச் செய்தவரும் ஓர் ஓவியர்தான், கெவின் ஓ'நீல். என் கையைப் பிடித்து வரையக் கற்றுக்கொடுத்த மனிதர் 1995இல் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தவரை அவருடைய பெயரே எனக்குத் தெரியாது. இந்த வருத்தம் எனக்குத் தீராது.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வந்தபோது வாரா வாரம் வாசகர்கள் மணியத்தின் ஓவியங்களுக்கும் சேர்த்துத்தான் காத்திருந்தார்கள். வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் நம் மனதில் உள்ள முகம் அவர் கொடுத்தது. இன்றைக்குப் புத்தகக் கண்காட்சியில் மலிவு விலையில் அடுக்கி வைத்திருக்கும் பதிப்புகளைப் புரட்டிப் பாருங்கள், பலவற்றில் ஒரு படம் கிடையாது. 'தில்லானா மோகனாம்பாள்' என்றால் கோபுலு. அவர் கோடு இல்லாமல் அந்தத் தொடரை நினைத்துப் பார்க்க முடியுமா? வாண்டுமாமா எழுத செல்லம் வரைந்த சித்திரக்கதைகளில் வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அவர்களைக் கேளுங்கள், எழுதியவர் பெயரைச் சட்டென்று சொல்வார்கள். வரைந்தவர் பெயருக்கு யோசிப்பார்கள்.

சினிமாவிலும் இதே கதைதான். 2024இல் என்னை உலுக்கியது 'லுக் பேக்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம். ஐம்பத்தெட்டே நிமிஷம். டட்சுகி ஃபுஜிமோட்டோ 2021இல் வெளியிட்ட மங்காவை கியோடக்கா ஓஷியாமா படமாக்கியிருக்கிறார். பள்ளிக்கூடப் பத்திரிகையில் நாலு கட்டக் காமிக்ஸ் போடும் சிறுமி. வீட்டைவிட்டு வெளியே வராத இன்னொரு சிறுமி அவளைவிட நன்றாக வரைகிறாள் என்று தெரிந்ததும், பொறாமையில் ராப்பகலாக வரையத் தொடங்குகிறாள். அவள் வரையும்போது பெரும்பாலும் முகத்தைக் காட்டுவதில்லை. மேஜை முன் குனிந்த முதுகு, ஜன்னலுக்கு வெளியே மாறிக்கொண்டே போகும் பருவங்கள். வரைகிறவர்களின் வாழ்க்கை அந்த முதுகுதான். என் அம்மா இருபது வருஷம் பார்த்தது என் முதுகைத்தான். "சாப்பிட வாடா" என்று அந்த முதுகைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். ஓவியர்களின் கரடுமுரடான பென்சில் கோட்டை மெழுகிவிடாமல் அப்படியே திரையில் விட்டுவைத்திருக்கிறார்கள். முடியும்போது அழுதுவிட்டேன். "அனிமேஷன் படமா சார், குழந்தைங்க பக்கத்துக்கு வேணா பாக்கலாம்" என்றார்கள்.

'கொட்டுக்காளி'யும் எழுதியிருந்தேன். 'வாழை' வந்த அதே ஆகஸ்ட் 23ஆம் தேதிதான் பி. எஸ். வினோத்ராஜின் இந்தப் படமும் வந்தது. பின்னணி இசை ஒரு துளி இல்லை. கட்டிப்போட்ட சேவலும் வாய் திறக்காத பெண்ணும் ஒரே ஆட்டோவில். சட்டகத்துக்குள் யாரை எங்கே உட்கார வைத்தால் வசனமே தேவைப்படாது என்று அந்தப் படத்திடம் காமிக்ஸ் வரைகிற ஒவ்வொருவரும் பாடம் கேட்கலாம். இரண்டு படங்களுக்கு இடமில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். சட்டகம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு படத்துக்கு நான் நானூறு ஸ்டோரிபோர்டு படங்கள் வரைந்து கொடுத்தேன். சண்டைக்காட்சி ஏறக்குறைய என் கட்டங்களைப் போலவே வந்திருந்தது. டைட்டில் கார்டில் டீ கொடுத்த தம்பி பெயர்வரை வந்தது. அவர் பெயர் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். என் பெயரைத் தேடிக்கொண்டு விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

நான் போகும் நூலகத்தில் 'மவுஸ்' குழந்தைகள் பிரிவில் இருக்கிறது, வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்குப் பக்கத்தில். யூதர்களைக் கொன்ற வதைமுகாம்களின் கதை அது. எட்டு வயதுக் குழந்தை எடுத்துப் புரட்டினால் என்ன ஆவது? நூலகரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "படம் இருக்குல்ல சார், அதான் அங்க வச்சிருக்காங்க" என்றார். ஈழப் போரில் வன்னியில் நம் சனங்கள் பட்ட பாட்டை பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்த 'வன்னி' 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. பதுங்குகுழியும் தறப்பாள் கூடாரமும் மருத்துவமனை வாசலும் கட்டம் கட்டமாக அதில் இருக்கின்றன. நம்மவர்களின் சாவை வேற்றுநாட்டுக்காரர் ஒருவர் வரைந்து வைத்திருக்கிறார். அந்த வருஷக் கடைசியில் நான் படித்த தமிழ்ப் பட்டியல்களில் அதையும் தேடினேன், என் கண்ணில் படவில்லை.

மறுபடி டிசம்பர் வரும், அந்த உதவி ஆசிரியர் தம்பி மறுபடி கூப்பிடுவார். நூறு வார்த்தைதான் இடம் என்பார். ஒரே ஒரு காமிக்ஸைச் சொல்லப்போகிறேன், நூறு வார்த்தையும் அதற்கே. முதல் வரியில் வரைந்தவர் பெயர் இருக்கும். அதை வெட்டினால் அந்தப் பக்கத்தில் என் பெயரையும் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.