கயிறு கட்டாத கப்பல்

கடலை ஆண்ட இனம் நம் இனம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நாவாயும் வங்கமும் கலமும் நம் நாவில் தவழ்கின்றன. கப்பலோட்டிய தமிழனின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெறாத பேச்சுப் போட்டி நம் மன்றத்தில் நடந்ததுண்டா? நல்லது. ஆனால், நண்பர்களே, ஒரு பாய்க்கப்பலில் உள்ள கயிறுகளுள் மூன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் வாய் திறப்போம்? பாய்மரம் என்போம், பாய் என்போம், நங்கூரம் என்போம். அதற்கு மேல் பேச்சில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டு விழா மேடையில் வைப்பதற்கு மட்டாஞ்சேரியில் ஒரு மரக்கப்பல் மாதிரி வாங்கலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்துள்ளது. தமிழரின் கடற்பெருமையைக் காட்ட அது அழகாக இருக்கும் என்கின்றனர். பெருமையைக் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வாங்கிக் காட்டலாம் என்பதில்தான் மறுப்பு. அந்தப் பணத்துக்கு மரமும் நூலும் வாங்குவோம். கப்பலை நாமே செய்வோம் என்பது என் கட்சி.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் நடந்து பாருங்கள். ஏலம், மிளகு, சுக்கு மணக்கும் கடைகளுக்கு நடுவே பழம்பொருள் கடைகளில் பாய்விரித்த மரக்கப்பல்கள் அணிவகுத்து நிற்கும். மெருகு கண்ணைப் பறிக்கும். சற்றே குனிந்து கயிறுகளை மட்டும் பாருங்கள். பல மாதிரிகளில் ஒரு கயிறு பாய்மரத்தில் தொடங்கி எங்கோ ஓரத்தில் பசையில் முடிந்து போகும். அந்தக் கயிறு எதை இழுக்கிறது? எதையும் இழுப்பதில்லை. பாயை ஏற்ற ஒரு கயிறு வேண்டும். இறக்க ஒன்று வேண்டும். காற்றுக்கேற்பத் திருப்ப ஒன்று வேண்டும். அவை இல்லாத கப்பல் கப்பலின் படமே தவிரக் கப்பலன்று. அவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பியப் போர்க்கப்பல்களின் சாயலில் இருப்பவை. அவற்றில் ஒன்றை மேடையில் நிறுத்தி, இதுதான் தமிழன் கப்பல் என்று சொல்லப் போகிறோமா?

மாதிரிக் கப்பல் செய்வதில் உடலைச் செய்வது பாதி வேலை. கயிறு கட்டுவது மறு பாதி. நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து விடுதி அறையில் இரண்டு பருவம் இந்த வேலையில் ஈடுபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பலர் முதற்பாதியோடு நிறுத்திவிடுவது சோம்பலால் அன்று. மரத்தை இழைத்து வளைத்து ஒட்டுவதற்குக் கை போதும். கயிறு கட்டுவதற்கு அறிவும் வேண்டும். ஒவ்வொரு கயிற்றையும் ஏன் என்று கேட்காமல் கட்ட முடியாது.

கயிறுகள் இரு வகை. பாய்மரம் சாயாமல் தாங்கி நிற்பவை ஒருவகை. பாயையும் அதைத் தாங்கும் குறுக்கு மரமாகிய பருமலையும் இயக்குபவை மற்றொரு வகை. தாங்கு கயிறுகள் அசைவதில்லை, மழையிலும் உப்பிலும் மக்காதிருக்கத் தார் பூசப்பட்டவை, ஆகவே கருமை. இயக்கு கயிறுகள் கப்பிகளின் ஊடே ஓட வேண்டும். தார் பூசினால் ஓடமாட்டா. ஆகவே அவை நாரின் நிறத்திலேயே இருக்கும். கறுப்பும் பழுப்பும் அழகுக்காக வந்தவை அல்ல. எல்லாக் கயிற்றையும் ஒரே நிற நூலில் கட்டிய கப்பலைக் கண்டால், கட்டியவர் கடலை நினைக்கவில்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

கட்டும் முறையிலும் ஒழுங்கு உண்டு. முதலில் தாங்கு கயிறு, பின்பே இயக்கு கயிறு. முதலில் கீழே, பின்பு மேலே. முதலில் நடுவே, பின்பு ஓரம். மாற்றிச் செய்தால் கை நுழைய இடமிராது. பாய்மரத்தின் வலப்புறம் ஒரு கயிற்றை இறுக்கினால் அடுத்ததை இடப்புறம் இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் மரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எத்தனையோ நிர்வாகக் குழுக்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்; அதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாலுமி மேலே ஏறுவதற்குத் தாங்கு கயிறுகளுக்குக் குறுக்கே படிக்கயிறுகள் கட்டுவர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஏறக்குறைய 13 அங்குலம். நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியில் அது 7 மில்லிமீட்டர். ஓர் அங்குலத் தடிப்புள்ள கயிறு அரை மில்லிமீட்டர் நூலாகிவிடும். ஒரு பக்கத்துக்கு 5 கயிறும் 30 படியும் என்று கொண்டால் 150 முடிச்சு. இரு பக்கம், இரு பாய்மரம் என்றால் 600 முடிச்சு. இடுக்கியும் ஊசியும் கொண்டு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். நூறாவது முடிச்சில் கை பழகும். முந்நூறாவதில் மனம் அமைதியடையும். தேர்வு நெருங்கும் மாதத்தில் இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

கொச்சியில் இருப்பவர்க்கு இன்னொரு பாடமும் கிடைக்கும். பருத்தி நூலும் தேங்காய் நாரும் ஈரம் பட்டால் பருத்து நீளம் குறையும்; காய்ந்தால் தளரும். ஜூன் மாத மழையில் வீணைத் தந்திபோல் விறைத்து நிற்கும் கயிறு மாசியில் தொய்ந்து தொங்கும். அதனால் நூலை முதலில் தேன்மெழுகில் இழுத்து எடுக்க வேண்டும். பாரம் கட்டித் தொங்கவிட வேண்டும். தாங்கு கயிற்றின் அடிமுடிச்சை ஒரு மழைக்காலம் கழியும் வரை பசையிட்டு மூடாமல் வைக்க வேண்டும். உண்மையான கப்பலிலும் மாலுமிகள் வானிலைக்கேற்ப இறுக்கியும் தளர்த்தியும் வந்தனர். மேசைமேல் நிற்கும் கப்பலும் இந்த நகரத்தின் காற்றை அறிகிறது!

கயிற்றைப் பற்றி அறியத் தொலைவு போகவும் வேண்டியதில்லை. கோட்டைக் கொச்சியில் தோபிகானாவுக்குப் போய்ப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் இங்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்த தமிழ் வண்ணார் குடும்பங்கள் அங்கே தொழில் செய்கின்றன. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் ஓரத்தைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அது கழல்வதில்லை. கவ்வியும் இல்லை, ஊசியும் இல்லை. முறுக்கின் வலிமை ஒன்றே போதும். பாய் கட்டியவர்களின் அறிவும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதை நாம் படிப்பென்று மதிப்பதில்லை. அதுதான் நம் குறை.

இது சிறுபிள்ளை விளையாட்டு, பல்கலைக்கழக மாணவர்க்கு ஏற்றதா என்று சிலர் நகைக்கக் கூடும். அவர்களுக்கு இரண்டு செய்திகள். ஜாவாத் தீவின் போரோபுதூர்ச் சிற்பங்களில் காணும் கப்பலை மீண்டும் செய்ய முனைந்தபோது, முதலில் ஒரு சிறு மர மாதிரியே செய்யப்பட்டது. அதைப் பார்த்துக் கங்கேயன் தீவுகளின் மரபுத் தச்சர் பெரிய கப்பலைக் கட்டினார். அது 2003-இல் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு 2004-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் கரையை அடைந்தது. இரண்டாவது செய்தி நமக்கு இன்னும் அருகில் உள்ளது. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலைப் பின்பற்றி, ஆணியின்றித் தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய ‘கவுண்டின்யா’ 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள். தலைமைத் தச்சர் பாபு சங்கரன். அக்கப்பலின் வரைபடம் எதுவும் எஞ்சியிராததால், சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையோடு சேர்ந்து மாதிரி வைத்துச் சோதனை நடத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அது போர்பந்தரிலிருந்து மஸ்கட் நோக்கிப் பாய்விரித்துப் புறப்பட்டது. மாதிரி விளையாட்டுப் பொருளா, ஆராய்ச்சிக் கருவியா என்பதை நகைப்பவர்களே முடிவு செய்யட்டும்.

எந்தக் கப்பலைச் செய்வது? கொச்சியிலேயே கட்டப்பட்ட கப்பல் வேண்டுமென்றால் ‘அலிகேட்டர்’ இருக்கிறது. 28 பீரங்கி கொண்ட ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல். தேக்கினால் இங்கே கட்டப்பட்டு 1821-இல் நீரில் இறங்கியது. 1834 மார்ச்சில் நியூசிலாந்தின் வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்கள் தங்கள் கொடியைத் தேர்ந்தபோது 21 குண்டு முழக்கி வணங்கியது இந்தக் கப்பலே. அதே ஆண்டின் பிற்பகுதியில் மாவோரியரைத் தாக்கச் சென்றதும் இதே கப்பலே. தேக்கு இக்கரையினது, ஆனால் கட்டளை இலண்டனுடையது. அதைச் செய்யக் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் மன்றத்தின் முதற்கப்பலாக அது வேண்டாம்.

என் தேர்வு ‘அன்னபூரணி’. ஈழத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட இருபாய்மரக் கப்பல் அது. நீளம் 89 அடி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்கும், அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தும் செலுத்திச் சென்றனர். 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளௌசெஸ்டர் துறைமுகத்தில் அது நங்கூரம் பாய்ச்சியது. சோழர் காலம் வரை போகாமலே நாம் மார்தட்டிக்கொள்ளக் கூடிய பயணம் இது. நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்தால் உடல் 22 அங்குல நீளம்தான் வரும். விடுதி மேசையில் அடங்கும். நிழற்படங்கள் உள்ளன. அவற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கயிறும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது எந்த ஆய்வேட்டுக்கும் குறைந்த வேலையன்று.

இங்கேதான் என் வழக்கின் உயிர்நிலை உள்ளது. கயிறு கட்டப் போனால் சொல் தேட வேண்டிவரும். வடக்கயிறுக்கு ஆலாத்து என்று பெயர். பாயின் கீழ்முனையைப் பிடித்திழுக்கும் கயிறு தாமான். கப்பலின் முன்புறம் அணியம். பலகை இடுக்கில் பஞ்சடைப்பது கலப்பற்று. இவற்றுள் சில கடல் கடந்து வந்த சொற்கள். ஆயினும் நம் மாலுமி வாயில் தமிழாகிவிட்டவை. கப்பல் கட்டும் இலக்கணம் கூறும் ‘கப்பல் சாத்திரம்’ என்ற பழைய தமிழ் நூலைச் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் அச்சிட்டது. நம்மில் அதைப் புரட்டியவர் யார்? கல்கத்தாவில் 1811-இல் தாமஸ் ரோபக் என்பவர், இந்திய மாலுமிகள் கப்பலில் வழங்கிய இந்துஸ்தானிச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். ஆட்சி செய்தவனுக்கு அது தேவைப்பட்டது. நமக்குத் தேவை இல்லையா? தூத்துக்குடித் தோணிகள் பாயை விட்டு எஞ்சினுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆயின. பாயோட்டிய தண்டல்களில் எஞ்சியவர்கள் முதியவர்கள். அவர்கள் கைமுடிச்சும் வாய்ச்சொல்லும் ஏட்டில் ஏறாமல் போனால், பின்னர் எந்த மாநாடு கூட்டி அவற்றை மீட்கப் போகிறோம்?

இனி, மெருகு பற்றி ஒரு சொல். கடைக்கப்பல் பளபளக்கும், உழைத்த கப்பல் பளபளக்காது. உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் பூசி, காய விட்டு, மீண்டும் ஒருமுறை பூசினால் போதும். மரத்தின் ரேகை தெரிய வேண்டும். கயிற்றின் மீது வார்னிஷ் படக் கூடாது. பட்டால் அது கம்பியாகிவிடும். மேடைப்பேச்சுக்கும் இந்த அளவு மெருகே போதும் என்பது என் எண்ணம்.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. மாதிரி வாங்க எண்ணிய தொகையை மரத்துக்கும் நூலுக்கும் கருவிக்கும் ஒதுக்குங்கள். எந்தத் துறை மாணவராயினும் விரும்புவோர் பத்துப் பேரைச் சேருங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து மாணவர்கள் விடுமுறைக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லட்டும், கடற்கரையில் உள்ள தாத்தாக்களிடம் உட்கார்ந்து, “இந்தக் கயிற்றுக்கு என்ன பேர், தாத்தா?” என்று கேட்டு எழுதி வரட்டும். இவ்வாண்டு விழாவுக்குள் கப்பல் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. உடல் மட்டும் முடிந்த கப்பலை மேடையில் வைப்போம். பாய்மரத்தின் கீழே, கட்ட வேண்டிய கயிறுகளின் பட்டியலைத் தமிழில் எழுதி வைப்போம். பெயர் தெரிந்தவற்றின் எதிரே பெயர் இருக்கும். தெரியாதவற்றின் எதிரே இடம் வெறுமையாக இருக்கும். விழாவுக்கு வரும் பெரியவர்களில் யாரேனும் ஒருவர் அந்த வெற்றிடத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போனாலும் அந்த விழா வெற்றியே.